புத்தகம் சென்னையில், பிரதி சிகாகோவில்!

தாத்தா காலத்து நாவல் ஒண்ணு தேடுறீங்க, எங்கேயும் கிடைக்கலையா? சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேட்டுப் பாருங்க.

கோட்டையூர்க்காரரான ரோஜா முத்தையா, பழைய தமிழ்ப் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ்னு சுமார் 1 லட்சம் அச்சுப் பிரதிகளைச் சேர்த்திருந்தார். 1992-ல் அவர் மறைந்தபின், எல்லாம் ஆளுக்கொரு பக்கம் சிதறிப்போயிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக விலைக்கு வாங்கியது. ஆனா, அமெரிக்காவுக்கு அள்ளிட்டுப் போகலை! 1994-ல் சென்னையிலேயே நூலகம் தொடங்க வழிசெய்தது. மூலப் புத்தகம் இங்கே, மைக்ரோஃபிலிம் பிரதி அங்கே. ரெண்டு ஊர் வாசகர்களுக்கும் லாபம்.

இப்படிப்பட்ட நூலகங்களுக்கு நன்கொடைதான் பலம். பணம்தான்னு இல்லை, அரிய புத்தகமும் நன்கொடைதான். வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை எடைக்குப் போடுறதுக்கு முன்னாடி, நூலகத்துக்கு ஒரு போன் போடுங்க.