குரல் காக்கும் அறுவையின் வரலாறு

குரல்நாணில் தோன்றும் புற்றை வாய்வழியாகவே அகற்றிக் குரலையும் காக்கும் சிகிச்சை லேசரின் சாதனையாகவே பெரும்பாலும் பேசப்பட்டாலும், அதன் வேர் அதற்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. 1854இல் மனுவேல் கார்சியா என்னும் இசையாசிரியர் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய ஒளியில் தம் குரல்நாண்களின் அசைவைக் கண்டார். சில ஆண்டுகளில் டுர்க், செர்மாக் ஆகிய மருத்துவர்கள் அம்முறையை நோயறியும் வழியாக்கினர்.

ஆயினும் அறுவை வேறு திசையில் சென்றது. 1873 டிசம்பர் 31 அன்று வியன்னாவில் அறுவை மருத்துவர் பில்ரோத் ஒரு நோயாளியின் குரல்வளையை முழுமையாக அகற்றினார். செயற்கைக் குரல்கருவி பொருத்தப்பட்டும், புற்று மீண்டதால் அந்நோயாளி சில மாதங்களிலேயே இறந்தார். 1886இல் பெர்லினில் மருத்துவர் பிரெங்கல் தொண்டைக் கண்ணாடியின் துணையுடன் வாய்வழியே குரல்நாண் புற்றை அகற்றிக் காட்டியபோதிலும், அவ்வழி பரவவில்லை. அடுத்த ஆண்டே ஜெர்மானியப் பட்டத்து இளவரசர் பிரெடெரிக்கின் தொண்டைக் கட்டி புற்றா இல்லையா என மருத்துவர்கள் பிணங்கி நிற்க, காலம் கடந்தது. மூச்சுக்குழாயில் துளையிடப்பட்டுப் பேச்சிழந்த நிலையில் அரியணை ஏறிய அவர், 99 நாள் மட்டுமே ஆண்டு 1888 ஜூன் 15இல் மறைந்தார்.

1960களில் கிளைன்சாசர் அறுவை நுண்ணோக்கியைக் குரல்வளைக்குப் பொருத்தமாக்கியதும், இரு கைகளாலும் நுட்பமாக வேலை செய்ய வழி பிறந்தது. பாஸ்டனில் ஸ்ட்ராங்கும் யாகோவும் 1972இல் அறிவித்த கரியமில வாயு லேசர், திசுவிலுள்ள நீரால் உறிஞ்சப்பட்டு வெட்டுவதோடு சிறு இரத்தக்குழாய்களையும் அடைத்துவிடும். ஆனால் உண்மையான துணிவு கருவியில் அன்று, கொள்கையில் இருந்தது: புற்றைத் தொடாமல், சுற்றியுள்ள நல்ல திசுவோடு ஒரே துண்டாக எடுக்கவேண்டும் என்பது அக்கால விதியாயிருக்க, ஜெர்மனியின் ஸ்டைனர் கட்டியையே குறுக்காக வெட்டி, அதன் ஆழத்தை நுண்ணோக்கியில் நேரே கண்டு, பகுதி பகுதியாக அகற்றினார். கடும் எதிர்ப்பைச் சந்தித்த இம்முறையே நல்ல திசுவை வீணாக்காமல் மிச்சப்படுத்தியது. முற்றிய புற்றுக்கும் குரல்வளையை முழுமையாக அகற்றுவது ஒன்றே வழியன்று என்பதை, மருந்தும் கதிர்வீச்சும் இணைந்த சிகிச்சையை அறுவையோடு ஒப்பிட்டு 332 நோயாளிகளிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 1991இல் காட்டியது.

குரல்நாணில் நிணக்குழாய்கள் மிகக் குறைவாதலால் அங்குள்ள புற்று மெதுவாகவே பரவும். அதன் முதல் அறிகுறியான குரல் கரகரப்போ தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். எனவே மூன்று வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருப்பவர்கள், குறிப்பாகப் புகைபிடிப்பவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிக்கொள்ள வேண்டும்.