குற்றம் யாருடையது? 1915 கலவரமும் குற்றவியலின் சில பாடங்களும்

சின்ன வயதில், 1915 கலவரத்தைப் பற்றி எங்கட வீட்டுப் பெரியவர்கள் கதைக்கும்போது, "ஆரு செஞ்ச?" என்று கேட்பேன். "சிங்களவங்க" என்று ஒரே சொல்லில் பதில் வரும். குற்றவியல் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பதிலில் உள்ள பிழை எனக்கு விளங்கிற்று.

கம்பளையில் பள்ளிவாசலைக் கடந்து வாத்தியங்களுடன் பெரஹரா போவது பற்றிய வழக்கு 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றத்தில் வல்லஹாகொட தேவாலயத்துக்குச் சார்பாக முடிந்தது. 1915 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் அதனை மாற்றியது. அந்த வருடம் மே 28 இரவு, வெசாக் நேரத்தில், கண்டி காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகே மோதல் மூண்டது. சில நாட்களில் அது பல மாவட்டங்களுக்குப் பரவியது. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர், 189 பேர் காயமடைந்தனர், 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, நான்காயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளும் கடைகளும் கொள்ளையிடப்பட்டன என்பது அரசாங்கக் கணக்கு.

இங்கே குற்றவியல் இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்கிறது. முதலாவது, இது ஏன் நடந்தது? யுத்தகால விலையேற்றம், கரையோரச் சோனக வியாபாரிகள் மீதிருந்த கோபம், வாய்வழி வதந்தி எல்லாம் அதற்கான விடையில் அடங்கும். இரண்டாவது, யார் பொறுப்பு? காரணத்தைச் சொல்வது குற்றத்தை மன்னிப்பதாகாது. காரணம் சமூகத்தில் இருக்கலாம், பொறுப்பு ஆளுக்கு ஆள்தான்.

கூட்டமாகச் செய்த குற்றத்துக்கும் இது பொருந்தும். 1883 தண்டனைச் சட்டக்கோவையில், சட்டவிரோதமான பொது நோக்கத்துடன் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம். ஆனாலும், இன்ன ஆள் அந்த நோக்கத்தோடு அங்கே நின்றானா என்பதை நிரூபிக்கத்தான் வேணும்.

ஆங்கில அரசு என்ன செய்தது? ஜூன் 2இல் இராணுவச் சட்டம் பிரகடனமானது. மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சதிகாரர்களெனக் கருதப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டனர். ஹென்றி பெத்ரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நட்டஈடோ, கலவரம் நடந்த பகுதிகளின் சிங்கள மக்கள் மீது கூட்டாகச் சுமத்தப்பட்டது. கடையை இழந்த நம்மவருக்கு நட்டஈடு நியாயமே. ஆனால் கல்லெறியாத அயலவனும் அதற்குப் பணம் கட்டினான். 1764இலேயே இத்தாலியரான பெக்காரியா, தண்டனை கொடூரமாக இருப்பதைவிட நிச்சயமாகவும் குற்றத்துக்கு அளவாகவும் இருப்பதே குற்றத்தைத் தடுக்கும் என்று வாதிட்டிருந்தார். பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இராணுவச் சட்டக் கெடுபிடிகளை எதிர்த்துப் பேசினார். அந்தப் பேச்சு நம் சமூகத்தில் பலருக்குக் கசந்தது. கொள்ளைபோன கடைகளின் வேதனை அதில் போதியளவு ஒலிக்கவில்லை என்ற அவர்களின் மனத்தாங்கலிலும் நியாயமுண்டு.

மண்டையோட்டை அளந்து 'பிறவிக் குற்றவாளி'யைக் கண்டுபிடிக்கலாம் என்று 1876இல் லொம்புரோசோ எழுதினார். அந்தக் கொள்கையை அறிவுலகம் கைவிட்டுவிட்டது. ஆனால் 'அந்த ஆக்களே அப்படித்தான்' என்று நாம் சொல்லும்போது, அளவுகோல் இல்லாமலே அதே வேலையைச் செய்கிறோம். முத்திரை குத்தப்பட்டவர் என்ன செய்தாலும் அந்த முத்திரையூடாகவே பார்க்கப்படுவார் என்பதை 1963இல் ஹவார்ட் பெக்கர் விளக்கினார்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு அதை நாமே அனுபவித்தோம். ஒரு சிறு கும்பல் செய்த கொலைகளுக்காக மே மாதம் மினுவாங்கொடையில் கடைகள் எரிந்தன. "நாங்க என்ன செஞ்ச?" என்று கேட்டோம். செய்தவன்தான் பொறுப்பாளி என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை. அந்த அளவுகோலை நமக்கு வேணும் என்று கேட்கும் நாம், 1915ஐப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதும் அதையே கையிலெடுக்க வேணும். இப்போது என் பேரப்பிள்ளை "ஆரு செஞ்ச?" என்று கேட்டால், "செஞ்சவங்க செஞ்சாங்க, மகன். எல்லாரும் இல்ல" என்றுதான் சொல்வேன்.