தண்டவாளத்தோரம் கிடைத்த நட்டு

பாறை ஏறப் போகிறேன் என்று ஒரு பிள்ளை வீட்டில் சொன்னால், ‘மரை கழண்டுவிட்டதா?’ என்று கேட்கும் பெற்றோர் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அந்தக் கேள்வி அவர்கள் நினைப்பதைவிடப் பொருத்தமானது. பாறை ஏறுகிறவர்கள் கயிற்றை மாட்டும் கருவி ஒன்றுக்கு நட்டு என்றே பெயர். போல்ட்டில் முடுக்குகிறோமே, அதே நட்டிலிருந்துதான் அது பிறந்தது. பிறந்தபோது முதலில் செய்த காரியம் அதன் மரையைத் தேய்த்து எடுத்ததுதான்.

ஆதியில் இருந்தது கல். மலைப்பாறையின் வெடிப்புகளில் சில இடங்களில் கல் விழுந்து இறுகிக் கிடக்கும். அந்தக் கல்லுக்குப் பின்னால் கயிற்றை நுழைத்துக்கொண்டால், முன்னால் ஏறுகிறவர் கை நழுவி விழுந்தாலும் கயிறு கல்லில் பிடிக்கும். ஆனால் வேண்டிய இடத்தில் எல்லாம் கல் சிக்கிக் கிடக்குமா? கிடைக்காத இடத்தில் தெய்வம் விட்ட வழி. அன்றைய கயிறும் நார்க்கயிறுதான், பலமான விழுகையைத் தாங்காது. முன்னால் போகிறவர் விழவே கூடாது என்பது அந்தக் காலத்துப் பால பாடம்.

வேல்ஸ் நாட்டில் ஸ்னோடன் மலைச்சரிவில் க்ளாகி என்று செல்லமாக அழைக்கப்படும் கரும்பாறை ஒன்று உண்டு. 1920-களில் அங்கே பிகாட் என்பவரும் அவருடைய தோழர்களும் புது வழி ஒன்றில் ஏறினார்கள். அவர்களில் மோர்லி வுட் என்பவர் செய்தது சின்னக் காரியம்தான். சிக்கிய கல் இல்லாத வெடிப்பில் தானே ஒரு கல்லைச் செருகி அதில் கயிற்றை மாட்டினார். இயற்கை வைக்காத கல்லை மனிதன் வைத்தான். அதன் பிறகு சட்டைப் பையில் கூழாங்கல் போட்டுக்கொண்டு ஏறும் பழக்கம் பரவியது. வெடிப்பின் அகலத்துக்குத் தோதான கல்லை, ஒரு கையால் பாறையைப் பிடித்துத் தொங்கியபடி மறு கையால் பையில் துழாவி எடுக்க வேண்டும். நினைத்தாலே நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

இனி ரயில். ஸ்னோடன் உச்சிக்கு 1896-இல் மலை ரயில் வந்தது. நம் நீலகிரி ரயில் கல்லாறுக்கு மேலே பல்தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறுகிறதே, அதே ஆப்ட் முறைதான். க்ளாகிக்குப் போகிறவர்கள் இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து போவார்கள். வழியோரம் கழன்று விழுந்த நட்டுகள் கிடக்கும். யாரோ ஒருவர் குனிந்து ஒன்றைப் பொறுக்கினார். முதலில் பொறுக்கியவர் பெயர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கல்லைவிட நட்டு நல்லது, நடுவில் ஓட்டை இருக்கிறது, கயிற்றைக் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரே தொல்லை உள்ளே இருக்கும் மரை. அதன் கூர் விளிம்பு கயிற்றை அறுத்துவிடும். எனவே வீட்டில் உட்கார்ந்து அரத்தால் தேய்த்தார்கள். 1950-களில் வேல்ஸ் பாறைகளில் இப்படி நட்டு மாலையோடு ஏறுகிறவர்கள் சகஜமாகிவிட்டார்கள்.

பிறகு பட்டறைக்காரர்கள் வந்தார்கள். 1961-இல் ஜான் பிரெய்ல்ஸ்ஃபோர்டு ஏறுவதற்கென்றே ஒன்றைச் செய்து ஏகார்ன் என்று பெயர் வைத்தார். அடுத்து அவர் வடித்த மோவாக், மேலே அகலமும் கீழே குறுகலுமாக, அச்சு அசல் ஆப்பு. நட்டின் இன்றைய வடிவம் அதோடு ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வெடிப்பு கீழ்நோக்கிக் குறுகும் இடமாகப் பார்த்து மேலிருந்து இறக்க வேண்டும். கீழே இழுக்க இழுக்க இறுகும்.

அமெரிக்காவில் அப்போது சுத்தியல் ராஜ்யம். வெடிப்பில் இரும்பு ஆணியை அடித்து ஏறுவார்கள், பின்னால் வருகிறவர் அடித்துப் பிடுங்குவார். அடித்தும் பிடுங்கியும் யோசமிட்டிப் பள்ளத்தாக்கின் கருங்கல் வெடிப்புகள் சிதைந்து போயின. 1966-இல் இங்கிலாந்து வந்த அமெரிக்கப் பாறை ஏறுநர் ராயல் ராபின்ஸ் நட்டுகளைக் கண்டு ஊருக்கு எடுத்துப் போனார். மறுவருடம் மனைவி லிஸ்ஸுடன் யோசமிட்டியில் ஆணியே அடிக்காமல் ஒரு வழியில் ஏறி, அதற்கு நட்கிராக்கர் என்று பெயரிட்டார். இவர்கள் இருவரைவிட என்னை ஆச்சரியப்படுத்துகிறவர் இவான் ஷுனார்டு. ஆணி செய்து விற்றே பிழைத்தவர். 1972-இல் தன் கடை விலைப்பட்டியலிலேயே, ஆணி பாறையைக் கெடுக்கிறது, நட்டைப் பயன்படுத்துங்கள் என்று எழுதினார். தன் சரக்கை வாங்காதே என்று சொல்லும் வியாபாரியை எங்கே தேட?

இந்த நட்டை எப்படிக் கற்கிறார்கள்? பிரிட்டனில் பலருக்கும் பல்கலைக்கழக மலையேற்ற மன்றமே பள்ளி. கேம்பிரிட்ஜ் மன்றம் 1905-இல் தொடங்கியது, ஆக்ஸ்ஃபோர்டு மன்றம் 1909-இல். புதிதாகச் சேர்கிற மாணவரை எடுத்த எடுப்பில் முன்னால் ஏறவிட மாட்டார்கள். அனுபவசாலி ஒருவர் நட்டுகளை வைத்துக்கொண்டே மேலே போவார். புதியவர் பின்னால் வந்து ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கையில் கொக்கி வைத்த தட்டைக் கம்பி இருக்கும். ஆப்பசைத்த குரங்கின் கதையை அறிந்த நமக்குச் சிரிப்பு வரலாம், ஆனால் பாடமே அந்த அசைப்பில்தான் இருக்கிறது. ஒரு நட்டு வராது. குத்தி, நெம்பி, திட்டித் தீர்த்த பிறகு, எந்த வழியாகப் போனதோ அந்த வழியாகவே சுலபமாக வந்துவிடும். இன்னொன்று தொட்டதுமே கையோடு வரும். இதை நம்பியா அண்ணன் மேலே போனார் என்று அப்போது வயிற்றைக் கலக்கும். எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது இப்படித்தான் விரலுக்குத் தெரிகிறது.

முன்னால் ஏறும் நாளில் கணக்கு எளியது. கடைசி நட்டு காலுக்கு இரண்டு மீட்டர் கீழே இருந்தால், விழுந்தால் நான்கு மீட்டருக்கு மேல் போக வேண்டும், கயிற்றின் நீட்சி தனி. அந்த நட்டும் கழன்றால் அதற்குக் கீழே உள்ளது. பாறைக்கு வெளியேயும் பயிற்சி உண்டு. லீட்ஸ் பல்கலைக்கழகத் தாழ்வாரச் சுவரில் 1964-இல் டான் ராபின்சன் கல் துண்டுகளைப் பதித்துப் பயிற்சிச் சுவர் அமைத்தார். இன்று அப்படிப்பட்ட சுவர்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. விரல் பலம் அங்கே வரும். நட்டு வைக்கும் கண் அங்கே வராது, அதற்கு மழையில் நனைந்த பாறைக்கே போக வேண்டும்.

ஸ்னோடன் ரயில் புறப்படும் ஊர் லான்பெரிஸ். தண்டவாளத்தோரம் இப்போது யாரும் குனிவதில்லை, ஏனென்றால் டி.எம்.எம். என்ற நிறுவனம் அதே ஊரில் தொழிற்சாலை வைத்து நட்டு செய்து உலகெங்கும் அனுப்புகிறது. பெயர் நட்டு என்றே நிலைத்துவிட்டது. மரை கிடையாது.