பசறைக் கோப்பி போன வழி

பசறையில் இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைதான். ஆனால் இந்த மலைகளில் தோட்டத்துக்கென்று முதலில் காடு வெட்டியது கோப்பிக்காக. தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழி நடந்துவந்த நம்மவர்கள் பறித்ததும் கோப்பிப் பழம்தான்.

தோட்டத்து ஆலையில் பழத்தின் தோலை உரித்து, புளிக்கவைத்துக் கழுவி, உமியோடு காயவைத்து மூட்டை கட்டுவார்கள். அங்கிருந்து மாட்டுவண்டி. பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். அதற்கு எவ்வளவோ முன்பே கோப்பி அழிந்திருந்தது. கொழும்பில் உமி நீக்கியபின் பெண்கள் உட்கார்ந்து கொட்டை பொறுக்குவார்கள். பீப்பாயில் அடைபட்டு, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு அது இலண்டன் சேரும்.

சரக்கு போன வழியிலேயே விலையும் திரும்பி வந்தது. 1847இல் இலண்டனில் கடன் நெருக்கடி. 1848 பெப்ரவரியில் பாரிஸ் மக்கள் மன்னர் லூயி பிலிப்பை விரட்டினார்கள்; மார்ச்சில் வியன்னாவில் மெட்டர்னிக் பதவியை விட்டு ஓடினார். ஐரோப்பியச் சந்தை கலங்க, ஏற்கனவே சரிந்திருந்த கோப்பி விலை இன்னும் விழுந்தது. இலங்கையில் பல துரைமார் நொடித்துப்போனார்கள். பல தோட்டங்களில் ஆட்களுக்குச் சம்பளம் நின்றது. பாரிஸ் என்ற பேரையே கேட்டிராத ஒருவர் அந்தத் தெருச்சண்டைக்காகப் பட்டினி கிடந்திருக்கிறார். அவரைப் பற்றி எந்தப் புரட்சி வரலாறும் எழுதவில்லை.

ஆளுநர் டொரிங்டன் வெறுமையான கஜானாவை நிரப்பத் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டார். வருடத்தில் 6 நாள் வீதி வேலை செய், அல்லது காசு கட்டு என்றார். யூலையில் மாத்தளை கிளர்ந்தது. கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் அரசனாக முடிசூடினார். ஓகஸ்ட் 8ஆம் தேதி கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடக்குமுறைக்கு எதிரான கூச்சல் இலண்டன் பாராளுமன்றம் வரை போய், 1850இல் டொரிங்டனும் திரும்ப வேண்டியதாயிற்று.

1848 வேறுமாதிரி முடிந்திருந்தால் ஐரோப்பா என்னவாகியிருக்கும் என்று கற்பனை செய்பவர்கள் உண்டு. பசறையிலிருந்து பார்க்கும் எனக்கு அந்தக் கேள்வி எழுவதில்லை. புரட்சிகள் அடங்கின, கோப்பி விலை மீண்டது, தோட்டங்கள் முன்னிலும் பெருகின. கோப்பி ராச்சியத்தைச் சாய்த்தது வேறொன்று.

பசறையைத் தாண்டி மலையேறினால் மடுல்சீமை. 1869இல் அங்கேதான் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் முதலில் கண்ணில் பட்டது. இங்கிலாந்தில் பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். 1880இல் வந்த மார்ஷல் வார்ட், அந்தத் தூள் காற்றில் பறந்து பரவுகிறது என்பதைச் சோதித்துக் காட்டினார். மலை மலையாக ஒரே செடியை நட்டிருந்த இடத்தில் காற்றுக்குத் தடை எது? 1884இல் கோப்பிக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியே மூழ்கியது.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. மடுல்சீமையில் அந்தத் தூள் விழாமல் இருந்திருந்தால்? கோப்பிக்கு ஆள் பெருமளவில் தேவைப்பட்டது பழம் பறிக்கும் காலத்தில்தான். சீசன் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். கோப்பி அழிந்த இடத்தில் வந்த தேயிலைக்கு வருடம் முழுக்கக் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் குடும்பம் குடும்பமாக லயங்களில் தங்கினார்கள். பிள்ளை பிறந்தது, பேரன் பிறந்தான், ஊர் இதுவானது. அப்படி ஊன்றியவர்களைத்தான் 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்குமாகத் தலை எண்ணிப் பங்கு போட்டது. கோப்பி பிழைத்திருந்தால் அவர்கள் வந்து வந்து போயிருப்பார்கள். மலையகத் தமிழர் என்று ஒரு மக்கள் கூட்டம் இங்கே உருவாகாமலே போயிருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. துயரத்தாலா, நன்றியாலா என்று பிரிக்க முடிவதில்லை.

லயங்களுக்குப் பின்னால் இன்னும் ஒன்றிரண்டு கோப்பிச் செடிகள் நிற்கின்றன. பழுத்ததைப் பறித்து இஸ்தோப்பில் சுளகில் காயவைக்கிறார்கள். பிறகு வறுத்து, கொத்தமல்லி சேர்த்து உரலில் இடிக்கிறார்கள். அந்தக் கொட்டை இப்போது வாசலைத் தாண்டிப் போவதில்லை.