படைக்கலம் கைவிடலும் அதன் ஈடும்

துப்பாக்கி உடையோர் அதனைக் கைவிட்ட காரணங்களை ஆராய்வார், அவர்கள் அதற்கு ஈடாக யாது பெற்றனர் என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும். தமிழக வரலாற்றில் தோல்வி, சட்டம், தொழிலிழப்பு என்னும் மூன்றும் இதற்குரிய பெருங்காரணங்களாகக் காணப்படுகின்றன. ஈடு மட்டும் எல்லார்க்கும் ஒருதன்மையதாக அமைந்திலது.

தென்னாட்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவு 1801 திசம்பர் 1-ஆம் நாள் ஓர் அறிக்கை விடுத்தார். பாளையக்காரரும் அவர்தம் குடிகளும் படைக்கலம் தாங்குதல் அதனால் தடுக்கப்பட்டது, கோட்டைகளும் இடிபட்டன. எனினும், நிலையான நிலவரித் திட்டம் ஒன்றையும் அவ்வறிக்கை உறுதி கூறிற்று. 1803-இல் எஞ்சிய பாளையங்கள் சமீன்களாயின. படைக்கலம் இழந்த தலைவர்க்கு நிலவுரிமைச் சனது ஈடாயிற்று. அவர்க்குப் படைத்தொழில் புரிந்த வீரர்க்கோ அத்தகைய ஈடு இல்லை.

லிட்டன் காலத்தில் எழுந்த 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியர்க்கு உரிமத்தை வற்புறுத்தி, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. 1887-இல் சென்னையிற் கூடிய காங்கிரசுப் பேரவை இதனை எதிர்த்து வாதிட்டது. விடுதலைக்குப் பின் தோன்றிய 1959-ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தம் சொந்தத் துப்பாக்கியை விற்பவர், வாங்குவார் விவரத்தை மாவட்ட நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதியறிவித்து, 45 நாள் காத்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதி. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கத்தக்க துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மிகையானதை ஓராண்டுக்குள் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்கவேண்டியதாயிற்று. இவ்வாறு சட்டம் விதித்த குறைப்பும் துப்பாக்கியைக் கைவிடுதற்குக் காரணமாயிற்று. எனினும், உரிமம் உடையார்க்குத் தம் துப்பாக்கியை முறைப்படி விற்று விலைபெற வழி உண்டு.

இனி, ஏரிநாடாகிய காஞ்சிப் பகுதியை நோக்குவோம். திரையனேரி என்னும் பெயரே தென்னேரி என மருவிற்று என்பர். இப்பகுதிக்குத் தெற்கேயுள்ள வேடந்தாங்கலில், பறவைகளைச் சுட்ட ஆங்கிலப் படைஞர்மீது உழவர் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேசு 1798-இல் பறவைகளைக் காக்கும் கவுல் வழங்கினார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிர்க்கு உரமாதலை உழவர் அறிந்திருந்தனர். ஈண்டுத் துப்பாக்கி விலகியதன் பயனைக் குடிகளே பெற்றனர்.

நாட்டுத் துப்பாக்கியால் பறவையும் சிறுவிலங்கும் வேட்டையாடி வாழ்ந்த நரிக்குறவர் நிலை வேறு. குருவிக்காரர் என்னும் அவர்தம் மற்றொரு பெயரே அத்தொழிலைச் சுட்டும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை மேலும் இறுக்கியது. தொழில் நீங்கவே துப்பாக்கியும் பயனற்றதாயிற்று. ஊசியும் பாசிமணியும் விற்றல் பிழைப்பாயிற்று. அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றது 2023-இலேயாம்.

பறவைகளைக் காத்தது தக்கதே என்பதில் ஐயமில்லை. ஆயினும் 1803-இல் தலைவர்க்கு ஈராண்டிற் கிடைத்த ஈடு, வேட்டுவக் குடிக்கு அரை நூற்றாண்டு தாழ்த்தே ஓரளவு கிடைத்தது. படைக்கலம் களைந்த வரலாற்றை எழுதுவார், களையப்பட்ட துப்பாக்கிகளை எண்ணுவதோடு அமையாது, ஈடு பெறாதாரையும் எண்ணுதல் கடன் என்க.