டிடிபி கடையும் பழைய கணினியும்



விண்டோஸா, லினக்ஸா, மேக்கா என்று மென்பொருள் வேலையில் இருக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் என்று நம் பள்ளத்தாக்கு நெடுகக் கல்யாணப் பத்திரிகையும் வீரபாண்டித் திருவிழா நோட்டீசும் தயாரித்துக் கொடுத்த டிடிபி கடைக்காரர்களுக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. விண்டோஸ், அதில் பேஜ்மேக்கர், அதற்குள் ஒரு தமிழ் எழுத்துரு. அவ்வளவுதான். அதற்குக் காரணம் உண்டு.

பேஜ்மேக்கர் 1985இல் மெக்கின்டாஷ் கணினிக்குத்தான் முதலில் வந்தது. 1987இல் விண்டோசுக்கும் வந்தது. மேக் வாங்கச் சிறிய ஊர்க் கடைக்குக் கட்டுப்படியாகாது. அசெம்பிள் செய்த பிசி கட்டுப்படியானது.

ஆனால் அந்தக் கணினிக்குத் தமிழ் தெரியாது. எனவே எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் அது அம்மா. இல்லாவிட்டால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். விசைகள் பழைய தட்டச்சு முறையை ஒட்டி இருந்ததால், இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்பிங் படித்தவர்கள் உடனே வேலைக்கு உட்கார முடிந்தது.

எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறிய குழப்பத்தைத் தீர்க்க, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியீடுகளும் வந்தன. 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடை அரசு தரமாக அறிவித்தது. 1991லேயே யூனிகோடில் தமிழுக்கு இடம் இருந்தது. விண்டோஸ் 2000இல் அது திரையிலும் தெரிந்தது. பேஜ்மேக்கரோ யூனிகோடு அறியாமலே 7ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைன், தமிழை ஒழுங்காகக் கோக்கத் தொடங்கியது 2012இல்தான். அதுவரை கடைக்காரர் எப்படி மாறுவார்? மாறினால் பத்து வருடக் கோப்புகளும் பாழ்.

மறுபக்கம் பாருங்கள். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையில் எல்காட் நிறுவனம் லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறியது. நம் பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் ஸ்டார் ஆபீஸ் பாடமாக இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. புரோகிராம் எழுதுபவர் எந்தக் கணினிக்கும் தாவலாம். அவர் எழுதியது எங்கே திறந்தாலும் அதே எழுத்துதான். டிடிபி கடைக்காரருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவரைக் கட்டிப்போட்டது கணினி அல்ல, எழுத்துரு.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. பள்ளி ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், குலதெய்வ வரலாறு என்று நம் ஊர்களின் இருபது வருட எழுத்து அந்தப் பழைய கணினிகளிலும் சிடிகளிலும் கிடக்கிறது. தேடினால் கிடைக்காது, செல்போனில் திறந்தால் புரியாது. ஹார்டு டிஸ்க் போனால் அதுவும் போய்விடும்.

பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் வசதிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துத் திருத்துங்கள். சில எழுத்துகள் இடம் மாறும். இந்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, உங்கள் தெரு டிடிபி கடையில் ஏறி, நம் ஊர் மலர்களின் கோப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். லினக்ஸ் தெரிந்தவரோ விண்டோஸ் தெரிந்தவரோ, யார் செய்தாலும் சரி.