மலைநாட்டு ஏக்கமும் திண்டுக்கல் சமவெளியும்

திண்டுக்கல்லின் சரித்திரத்தை எழுத முற்பட்டவர்கள் பாறைக் கோட்டையைப் பற்றியும், அதை ஆண்ட நாயக்க மன்னர்களையும் ஹைதர் அலியையும் பற்றியும், 1790-ல் கிழக்கிந்தியக் கும்பினியார் இங்கே நிறுவிய ஜில்லா நிர்வாகத்தைப் பற்றியும், பூட்டையும் புகையிலையையும் பற்றியும் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் இச்சமவெளியிலிருந்தும் இதைச் சூழ்ந்த சீமைகளிலிருந்தும் கடல் கடந்து சென்று, இலங்கையின் மலைகளில் தலைமுறைகளாக உழைத்து, பின்பு இரண்டு அரசாங்கங்கள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின் பேரால் திருப்பி அனுப்பப்பட்டு, வந்த இடத்தில் அந்த மலைகளையே நினைத்து ஏங்கிய குடும்பங்களுக்கு அச்சரித்திரத்தில் உரிய இடம் கிடைக்கவில்லை. சொந்த ஊர் வந்து சேர்ந்த பின்னும் அந்நிய மலையை நினைத்து அழுகிறார்களே என்று அவர்களைக் குறை கூறியவர்கள் உண்டு. அந்த ஏக்கம் முற்றிலும் நியாயமானது என்பது என் துணிபு.

கண்டி ராஜ்யம் 1815-ல் ஆங்கிலேயர் வசமான பிறகு அதன் மலைச்சரிவுகளில் காப்பித் தோட்டங்கள் தோன்றின. காப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு மட்டும் ஆள் தேவைப்பட்டதால், கூலியாட்களைத் திரட்டும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மதுரை, மானாமதுரை, ராமநாதபுரம் வழியாகக் கடற்கரை வரையில் நடந்து, படகேறி மன்னார்ப் பக்கம் இறங்கி, தண்ணீர் அரிதான காட்டுப் பாதையில் மாத்தளைக்கு மறுபடியும் நடந்து, காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலரைப் பறிகொடுத்து, எஞ்சியவர்கள் வேலை முடிந்ததும் ஊர் திரும்புவது அக்காலத்து வழக்கமாக இருந்தது. அவர்களுக்கு அப்போது இருந்தது ஊர் ஏக்கம். மலை பயத்துக்குரிய இடமாகவே இருந்தது. 1875-ல் திண்டுக்கல்லுக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டே தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் ஏழை ஜனங்களைக் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டுக் கிளப்பியது.

இதற்குள் மலையில் ஒரு மாறுதல் நிகழ்ந்திருந்தது. 1869-ல் தோன்றிய இலைநோய் காப்பிச் செடிகளை அழித்துவிட, 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்காத்லாந்துக்காரர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பருவம் என்று ஒன்று இல்லை. வருஷம் முழுவதும் கொழுந்து துளிர்க்கும், வருஷம் முழுவதும் கொய்ய வேண்டும். ஆகவே வந்துபோகும் கூலியாள் போய், குடும்பத்தோடு தங்கும் கூலியாள் தேவைப்பட்டார். மலைநாட்டு ஏக்கம் என்னும் பிற்காலத்து விசனத்துக்கு விதை அந்தச் செடியில்தான் இருந்தது என்று நான் கருதுகிறேன்.

அங்கே அவர்கள் வாழ்ந்த வாழ்க்கையைச் சுகஜீவனம் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். லயம் என்னும் வரிசை வீட்டில் ஒரு குடும்பத்துக்கு ஒரே காம்பரா. விடியுமுன் தப்படித்து எழுப்புவார்கள். ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கொடுத்த பிறகு மழையிலும் அட்டைக்கடியிலும் மலையேற வேண்டும். ஒரு தோட்டத்துக் கடனை இன்னொரு தோட்டத்துக்குத் தொடரச் செய்த துண்டு முறை 1921-ல்தான் ஒழிந்தது. ஆயினும் காட்டை வெட்டித் தேயிலை நட்டதும், வருஷாவருஷம் கவ்வாத்து வெட்டியதும், பாதை போட்டதும் அவர்கள் கைகளே. மாரியம்மன் கோயிலை எழுப்பித் திருவிழா நடத்தியதும், மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடியதும் அங்கேதான். பெற்றோரையும் பாட்டன் பாட்டியையும் புதைத்ததும் அந்தத் தேயிலை மலையிலேதான். கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தம் பெயரில் வேலைநாள் பதியும், தம் கணக்கில் சம்பளம் ஏறும் என்ற நிலை அவர்களுக்கு அங்கே இருந்தது.

1939-ல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தபின் புதிதாகச் செல்பவர்கள் நின்றுபோனார்கள்; ஊரோடிருந்த தொடர்பும் நாளடைவில் தேய்ந்தது. இலங்கையின் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது, 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்து, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாமென்று ஒத்திவைத்தார்கள். 1974-ல் அவர்களையும் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். அந்த ஜனங்களின் சம்மதத்தை ஒருவரும் கேட்கவில்லை. மனிதர்களை இப்படித் தொகையாகப் பங்கிட்டது இரண்டு நாடுகளுக்கும் பெருமை தரும் செயலன்று.

கோச்சி என்று அவர்கள் சொல்லும் ரயிலில் தலைமன்னார் வந்து, ராமானுஜம் என்னும் கப்பலில் ராமேஸ்வரம் இறங்கி, மண்டபம் முகாமில் தங்கி, தங்களுக்குக் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டையில் குறிப்பிட்ட ஊருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். மறுவாழ்வுக்கென்று பலருக்குக் கிடைத்தது வியாபாரக் கடன். ஆயுள் முழுவதும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு வியாபாரம் என்ன தெரியும்? ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாப் பக்கத்துக் குளிரிலே பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஆயிரம் அடிகூட உயரமில்லாத, பழனிமலையின் மழைமறைவில் கிடக்கும் திண்டுக்கல் சமவெளியின் சீதோஷ்ணம் தாங்கக்கூடியதா? பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் சுருட்டுக் கம்பெனியிலும் அவர்கள் வித்தைக்கு வேலை இல்லை. பாட்டன் விட்டுப்போன நிலம் பலருக்குக் கைமாறியிருந்தது. உறவினரும், அக்கம் பக்கத்தாரும் அவர்களைச் சிலோன்காரர் என்றே அழைத்தார்கள். சொந்தச் சம்பளம் கண்ட பெண்கள் கூலிக்குப் பிறர் வாசலில் காத்திருக்க வேண்டியதாயிற்று. இத்தனையும் ஒருங்கே நேர்ந்தபோது மனம் பனிமூடிய மலைச்சரிவையும் கொழுந்துக் கூடையையும் நாடியதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

நாடிய மனம் கால்களையும் இழுத்துச் சென்றது. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கென்று அரசாங்கமே தேயிலைத் தோட்டம் அமைத்தபடியால் அங்கே போனவர்கள் தங்கள் தொழிலைத் தொடர முடிந்தது. அவ்வாய்ப்புக் கிட்டாதவர்களில் பலர், குளிரும் மலையும் இருந்தால் போதுமென்று கொடைக்கானல் மலைக்கு ஏறினார்கள். அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது தேயிலை அன்று. சீகை மரத்தையும் யூக்கலிப்டஸ் மரத்தையும் வெட்டும் காண்ட்ராக்ட் வேலை. முன்பணத்தில் கட்டுண்டு, காட்டுக் குடிசைகளில் அடைபட்டு, வாங்கிய கடன் எத்தனை வெட்டினாலும் தீராத கொத்தடிமைகளாகப் பல குடும்பங்கள் அங்கே கிடந்த நிலையை 1980-களில் உரிமை இயக்கத்தினர் வெளிப்படுத்தினார்கள். நூறு வருஷங்களுக்கு முன்பு பாட்டனைக் கண்டிச் சீமைக்கு இழுத்துச் சென்ற அதே முன்பணம், பேரனை அவனுடைய சொந்த ஜில்லாவில், சொந்த நாட்டு மலையிலே வந்து பிடித்துக்கொண்டது என்பதை எண்ணும்போது நெஞ்சு கொதிக்கிறது. அவர்களுடைய மலை ஏக்கத்தை மதித்து, அதற்கேற்ற தொழிலை அரசாங்கம் முன்கூட்டியே வகுத்திருந்தால், காண்ட்ராக்டர்களுக்கு அந்த ஏக்கம் முதலாகியிருக்காது.

1983-ல் இலங்கையில் மூண்ட கலவரத்தையும் போரையும் அடுத்துக் கப்பல் போக்குவரத்து நின்றது. அதன்பின் வந்தவர்கள் அகதிகளாக வந்தார்கள். மலைநாட்டுக் குடும்பங்களும் அவர்களில் கலந்திருந்தன. திண்டுக்கல்லை அடுத்த தோட்டனூத்து முகாமில் 2022 செப்டம்பரில் தமிழக அரசு 321 புதிய வீடுகளைக் கட்டி அகதிகளுக்கு அளித்தது வரவேற்கத்தக்கது. ஆனால் பாட்டன் பிறந்த மண் இதுவே என்று சொல்லக்கூடிய மலைநாட்டு வம்சத்தவர் பலர் தமிழ்நாட்டு முகாம்களில் இன்னும் அகதிகளாகவே பதிவு செய்யப்பட்டிருக்கிறார்கள். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவர்களது குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு கூறிய பிறகும், அவர்களில் பலருக்குக் குடியுரிமைக் காகிதம் கைக்கு வந்து சேரவில்லை.